தம்பி சாப்பிட்டானா?

செல்போன் அடித்தது.

சின்ன டாக்டர் எடுத்துப் பார்த்தாள். 'அம்மா' என்றது திரை. காலையிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே தெரியாது. கட் செய்து வெள்ளைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

பெரிய டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள்.

பதில் இல்லை.

தள்ளினாள்... கதவு திறந்தது.

பெரிய டாக்டர் மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். சாப்பிட்டதும் இப்படிக் கொஞ்சம் கண்ணயர்வது அவர் வழக்கம்தான். ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் கண்ணயர்வதில்லை. கடைவாயில் நுரை காய்ந்திருந்தது.

கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். தேடிய துடிப்பு அங்கே இல்லை.

மேஜையில் இரண்டு தட்டுகள், இரண்டு தம்ளர்கள். இரண்டு தட்டுமே வழித்துத் துடைத்த மாதிரி காலி. யாரோ அவர் எதிரில் உட்கார்ந்து, நிதானமாகப் பேசிச் சாப்பிட்டு, விஷத்தையும் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அது பட்டினி ஆராய்ச்சி நடக்கிற மாடி.

*

இன்ஸ்பெக்டர் வரும்போதே எரிச்சலில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவி உட்கார்ந்தவரை எழுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள்.

"இங்க என்னதான் பண்றீங்க?"

"பசியை அளக்கறோம் சார்" என்றாள் சின்ன டாக்டர். பெரிய டாக்டருக்கு அடுத்த இடம் அவளுக்கு. ஏதாவது பேசிக்கொண்டே இருந்தால்தான் அழாமல் இருக்க முடியும் என்று தோன்றியது.

"பசியை எப்படிங்க அளப்பீங்க?"

"வயிறு காலியாச்சுன்னா அதுவே ரத்தத்துல ஒரு ஹார்மோனை விடும். க்ரெலின்னு பேரு. அது மூளைக்குப் போய், எழுந்திரு, சாப்பாட்டைத் தேடுன்னு சொல்லும். சாப்பிட்டா இறங்கிடும். வார்டுல மூணு பேரைப் பட்டினி போட்டு, மணிக்கு ஒருதரம் ரத்தம் எடுத்துப் பாக்கறோம்."

இன்ஸ்பெக்டர் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது.

"எனக்கு ஒரு மணிக்குத்தான் உயிர் போச்சு. இப்ப என்னமோ கொஞ்சம் பரவாயில்ல."

"அப்படித்தான் சார் இருக்கும். பழகின நேரத்துக்கு ஏறும். ஏமாந்தா கொஞ்சம் தணியும். அடுத்த வேளைக்கு மறுபடி ஏறும்."

"தண்ணி குடிச்சு வயித்தை ரொப்பினா?"

"வயிறு ரொம்பும். ஹார்மோன் ஏமாறாது. சத்து குடலுக்குள்ள போனாத்தான் இறங்கும்."

"எங்க டிபார்ட்மெண்டுக்கு அனுப்பி வைங்க அந்த ஹார்மோனை. ஏமாறாத ஆளுங்க அங்க கம்மி." தட்டுகளைக் குனிந்து பார்த்தார். "செத்தவருக்கு யாரு கூடவாவது மனஸ்தாபம் உண்டா?"

"யாரையும் அதிர்ந்து பேச மாட்டார் சார். அந்த ஹார்மோனை இறக்கிப் பசியைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரை கண்டுபிடிச்சிருக்கோம். நேத்துக்கூட, நம்ம மாத்திரை ரொம்ப நல்லா வேலை செய்யுதும்மா, அதான் எனக்குப் பயமா இருக்குன்னார். நான் சிரிச்சேன்."

இப்போது சிரிப்பு வரவில்லை.

*

வாசலில் கார்டு இல்லாமல் கதவு திறக்காது. படிக்கட்டில் கேமரா. மதியம் வெளியாள் யாரும் மாடி ஏறவில்லை. இறங்கியவள் சின்ன டாக்டர் ஒருத்திதான். கீழே கேண்டீனில் பத்துப் பேர் பார்க்கச் சாப்பிட்டாள்.

மிச்சம் இருந்தவர்களை இன்ஸ்பெக்டர் வார்டில் கூட்டினார். பட்டினி கிடக்கும் மூன்று பேர், நர்ஸம்மா, லேப் பொறுப்பாளர்.

லேப் பொறுப்பாளரை வார்டில் 'ஐஸ் சார்' என்பார்கள். நீல நிற ஐஸ் வாளி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ரத்த டியூபை வாங்கின கையோடு ஐஸில் புதைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். மெல்லிய குரல், இஸ்திரி கலையாத சட்டை, எல்லாரையும் 'வாங்க போங்க' என்று பேசும் மரியாதை. வேறு என்ன சொல்ல, நல்ல மனிதர் என்று பெயர்.

"மதியம் நீங்க எங்க இருந்தீங்க?"

"என் டேபிள்ல சார். கொண்டுவந்த டிபன் பாக்ஸைச் சாப்பிட்டுட்டு மெஷினைப் பாத்துட்டிருந்தேன்."

"கூட யாராவது?"

"மெஷின்தான்."

நர்ஸம்மாவிடம் திரும்பினார். "நீங்க?"

"வார்டுலதான் சார். இந்த ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடியே படுத்திருந்தாங்க." நர்ஸம்மா தயங்கினாள். மூன்றாவது கட்டிலைப் பார்த்தாள். "அவரு மட்டும்... பாத்ரூம் போறேன்னு போயி ரொம்ப நேரம் வரல."

மூன்றாவது கட்டில் நிறைய ஒருவன் உட்கார்ந்திருந்தான். கூப்பிடும் பெயர் 'அண்டா'. பெயரைக் கேட்டால் வயிற்றைப் பார்க்க வேண்டாம். வயிற்றைப் பார்த்தால் பெயரைக் கேட்க வேண்டாம். சின்ன டாக்டரின் ஒரே தம்பி. வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, சும்மா படுத்திருக்கிற வேலைதானே என்று அவள்தான் கொண்டுவந்து சேர்த்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு சார்" என்றாள் நர்ஸம்மா. குரல் இறங்கிவிட்டது. "காலையில பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்ப, இந்த மனுஷனைக் கொன்னாத்தான் எனக்குச் சோறு கிடைக்கும்போலன்னு இவரு சொன்னாரு. எல்லாரும் கேட்டோம்."

"அது சும்மா தமாஷுக்கு!" என்றான் அண்டா.

யாரும் சிரிக்கவில்லை. சின்ன டாக்டர் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்ப தனியா இருந்தது ரெண்டு பேரு" என்றார் இன்ஸ்பெக்டர். "ஐஸ் சார் ஒண்ணு, அண்டா ஒண்ணு. ரெண்டுல ஒருத்தர்தான் அந்த ரெண்டாவது தட்டு."

ஐஸ் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், நான் ஒண்ணு சொல்லலாமா? நான் சாப்பிட்டவன். என் ரத்தத்தைப் பாத்துப் பிரயோஜனம் இல்ல. ஆனா தம்பி நேத்து ராத்திரியிலேர்ந்து பட்டினி. சாப்பாட்டு வேளை முடிஞ்சப்புறம் நர்ஸம்மா இவருகிட்ட எடுத்த ரத்தம் ஐஸ்ல இருக்கு. அதைப் பாத்தா, வயித்துக்குள்ள சாப்பாடு போச்சா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

சின்ன டாக்டர் முகத்தில் உயிர் வந்தது. தெய்வமே வழி காட்டியது போல் இருந்தது அவளுக்கு.

"பண்ணுங்க. இப்பவே பண்ணுங்க. சார், இந்த டெஸ்ட் பொய் சொல்லாது. நான் சாட்சி."

"அக்கா..." என்றான் அண்டா.

"நீ சும்மா இருடா."

"டெஸ்ட் வேணாம் அக்கா."

அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் வேணாம்?"

அண்டா கால் கட்டைவிரலைப் பார்த்தான். "சும்மாதான்... வேணாம்."

"இப்பத்தான் கட்டாயம் வேணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

*

ஐஸ் சார் வேலை செய்தார். சின்ன டாக்டர் அவர் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றாள். மூன்று டியூபும் ஐஸிலிருந்துதான் வந்தன. ஒட்டியிருந்த பெயர்களைச் சரிபார்த்தாள். ஒப்பிட்டுப் பார்க்க மற்ற இருவரின் ரத்தத்தையும் சேர்த்தே ஓட்டச் சொன்னாள். எங்கேயும் தப்பு நடந்துவிடக் கூடாது. தம்பியின் உயிர் அந்த டியூபுக்குள் இருந்தது.

மெஷின் தன் பாட்டுக்கு ஓடியது. ஜன்னல் வெயில் தரைக்கு வந்து, சுவருக்கு ஏறியது. நடுவில் அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் கட் செய்தாள். என்னவென்று சொல்வது?

கடைசியில் திரையில் மூன்று கோடுகள் வந்தன.

இரண்டு கோடுகள் உச்சியில் நின்றன. பட்டினி கிடந்தவர்களின் கோடுகள்.

மூன்றாவது, சறுக்கு மரத்தில் விட்டது போலக் கீழே இறங்கியிருந்தது.

"இறங்கியிருக்கு டாக்டர்" என்றார் ஐஸ் சார். அவர் குரல்கூட உடைந்த மாதிரி இருந்தது. "என்னை மன்னிச்சிடுங்க. தம்பி சாப்பிட்டிருக்காரு."

டெஸ்டைக் கேட்டு வாங்கியவள் அவள். பொய் சொல்லாது என்று சத்தியம் செய்தவள் அவள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். தன் தலையோடு போகாமல் தம்பி தலையிலும்.

வார்டுக்கு ஓடினாள். அண்டா கையில் விலங்கு ஏறிவிட்டிருந்தது.

"டேய், என் கண்ணைப் பாத்துச் சொல்லு. சாப்பிட்டியா?"

"டாக்டர் ரூமுக்கு நான் போகவே இல்ல அக்கா."

"நான் அதைக் கேக்கல. சாப்பிட்டியா இல்லையா?"

அண்டா வாயைத் திறந்தான். மூடினான். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ரூமுக்கு நான் போகல."

சின்ன வயதில் பாத்திரத்தில் இருந்ததை எல்லாம் காலி செய்துவிட்டு, சமையலறைப் பக்கமே போகவில்லை என்று சொல்லும்போது இதே முகத்தைத்தான் வைத்துக்கொள்வான். அவள் ஒரு அடி பின்னால் போனாள். ஒரே ஒரு அடி. அதை அண்டா பார்த்துவிட்டான்.

"நீயுமா அக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அவனைக் கீழே கூட்டிப் போனார்கள்.

*

லேப்பில் யாரும் இல்லை. ஐஸ் சார் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட இன்ஸ்பெக்டரிடம் போயிருந்தார்.

சின்ன டாக்டர் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? உன் பிள்ளையைப் படுத்திருக்கிற வேலை என்று கூட்டிப் போய்த் தூக்குமேடையில் ஏற்றிவிட்டேன் என்றா? கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையை இன்னொரு தரம் பார்த்தாள். பார்க்கப் பிடிக்காமல்தான் பார்த்தாள்.

இதுவரைக்கும் கோடு இறங்கியதைத்தான் பார்த்திருந்தாள். எங்கே போய் நின்றது என்று பார்க்கவில்லை.

கோடு அடித்தளத்தில் படுத்திருந்தது. ஏறக்குறைய பூஜ்யம்.

பூஜ்யம்?

அழுகை நின்றது.

போன வாரத்துக் கோட்டைத் திறந்தாள். அன்றைக்கு இதே மூன்று பேருக்கும் வயிறு முட்டச் சாப்பாடு போட்டு ரத்தம் எடுத்திருந்தார்கள். அண்டா நாலு பேர் சாப்பாட்டை ஒருத்தனாகச் சாப்பிட்டு, ஐந்தாவது ஆளுக்கு வைத்ததையும் ஏக்கமாகப் பார்த்த தினம் அது. அன்றைக்கும் கோடு இறங்கியது. பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து... நின்றுவிட்டது.

அப்புறம் மாத்திரை ஆராய்ச்சிக் கோடுகளைத் திறந்தாள். மாத்திரை போட்டுக்கொண்ட பத்துப் பேர். ஊரெல்லாம் பாராட்டின, அவளே கைதட்டின கோடுகள்.

பத்தும் அடித்தளத்தில் படுத்திருந்தன.

ரொம்ப நல்லா வேலை செய்யுதும்மா, அதான் எனக்குப் பயமா இருக்கு.

எழுந்து ஓடினாள். படியில் ஒரு செருப்பு போனது. இன்னொன்றை அவளே உதறினாள். ஜீப் கேட்டைத் தாண்டப் போகும்போது அதன் முன்னால் போய் நின்றாள்.

"சார், இறங்குங்க! அவனையும் இறக்குங்க. ஐஸ் சாரைப் போக விடாதீங்க."

*

லேப்பில் நாலு பேர். இன்ஸ்பெக்டர், அக்கா, விலங்கோடு தம்பி, வாளியோடு ஐஸ் சார்.

"சார், சாப்பிட்டா பசி ஹார்மோன் இறங்கும்னுதான் சொன்னேன். இல்லாமப் போகும்னு சொல்லலை. எவ்வளவு சாப்பிட்டாலும் கொஞ்சம் இருந்துக்கிட்டேதான் இருக்கும். ஆபரேஷன்ல வயித்தையே எடுத்தவங்களுக்குக்கூடக் குடல் கொஞ்சம் சுரக்கும். இந்த ரிப்போர்ட் சொல்றது என்னன்னா, என் தம்பிக்கு வயிறும் இல்ல, குடலும் இல்ல."

இன்ஸ்பெக்டர் அண்டாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நடுவில் கொஞ்சம் தங்கினார்.

"நம்பறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. அப்ப பூஜ்யம் எப்படி வந்துச்சு?"

"ரத்தம் எடுத்ததும் அமிலத் துளி விட்டு ஐஸ்ல வைக்கணும். வைக்காம வெதுவெதுப்பா விட்டா, அந்த ஹார்மோன் டியூபுக்குள்ளயே சிதைஞ்சு போயிடும். உடம்பு குறைக்கலை சார். மேஜை குறைச்சிருக்கு."

ஐஸ் சார் மெல்லச் சிரித்தார். "இவ்வளவுதானா? டியூப் ஒண்ணு வெளியே தங்கியிருக்கும். மனுஷன்தானே, மறதி. ஒத்துக்கறேன்."

"மூணு டியூபும் ஒரே நேரத்துல வந்தது" என்றாள் சின்ன டாக்டர். "ரெண்டு பத்திரமா ஐஸ்ல இருந்திருக்கு. ஒண்ணு மட்டும் வெளிய இருந்து, அப்புறம் ஒண்ணும் தெரியாத மாதிரி ஐஸுக்குள்ள வந்து உட்கார்ந்திருக்கு. அதுவும் காலையில எல்லார் காதுலயும் விழற மாதிரி 'கொன்னாத்தான் சோறு'ன்னு சொன்ன என் தம்பியோடது. இந்த மறதிக்குப் பேரு படிக்கத் தெரியும்போல."

ஐஸ் சார் வாளியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மாத்திரை சாப்பிட்ட பத்துப் பேருக்கும் இதே பூஜ்யம் சார். மாத்திரை ஒண்ணுமே பண்ணலை. இவரு டியூபை வெளிய வெச்சு வெச்சு அதை ஜெயிக்க வெச்சிருக்காரு. பெரிய டாக்டர் அதைக் கண்டுபிடிச்சிட்டார்."

"இதெல்லாம் ஊகம்" என்றார் ஐஸ் சார். "நான் என் டேபிள்ல என் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு இருந்தேன்."

இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. மேஜையைச் சுற்றி வந்து, அடியில் இருந்த தோல்பையிடம் நின்றார்.

"மதியத்திலேர்ந்து இந்த ரூமுக்குள்ள வரும்போதெல்லாம் எனக்கு வாயில எச்சில் ஊறுது. பசியில பிரமைன்னு நினைச்சேன். டாக்டர், பசி ஏறினா மூக்கும் கூர்மையாகுமா?"

"ஆகும் சார்."

"அப்ப சரி. பையைத் திறங்க ஐஸ் சார்."

ஐஸ் சார் நகரவில்லை. இன்ஸ்பெக்டரே திறந்தார். டிபன் பாக்ஸை வெளியே எடுத்தார். கனத்தது. மூடியைத் திருகினார்.

சாதமும் குழம்பும் பொரியலும் வீட்டில் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு கவளம்கூடக் குறையவில்லை.

"நீங்க சாப்பிட்ட சாப்பாடு இதுவா?"

வாளி அவர் கையிலிருந்து விழுந்தது. ஐஸ் தரையெல்லாம் ஓடியது.

"வாங்க, ஒண்ணா சாப்பிடலாம்னு பெரிய டாக்டர்தான் கூப்பிட்டாரு" என்றார் தரையைப் பார்த்தபடி. "சாப்பாடு போட்டு மன்னிச்சிடுவாருன்னு நினைச்சேன். சாப்பிட்டு முடிச்சப்புறம், நாளைக்கு எல்லாருக்கும் சொல்லிடப் போறேன்னாரு. அப்படிச் சொன்னா என்ன பண்றதுன்னு விஷத்தை முன்னாடியே கொண்டு போயிருந்தேன். என் பேரு, என் வேலை... எல்லாம் அந்தக் கோடுதான் சார். ரெண்டாவது தடவை சாப்பிட எனக்கு வயித்துல இடம் இல்ல. கொட்டறதுக்கு நீங்க நேரம் தரல."

விலங்கு கை மாறியது.

*

கீழே ஜீப்புக்குப் பக்கத்தில் அக்காவும் தம்பியும் தனியாக நின்றார்கள். அவள் அவன் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னை நம்பாமப் போயிட்டேன்டா."

"விடு அக்கா."

"எப்படிடா விட முடியும்? ஒரு வாய் சாப்பிடாதவனைப் போயி..."

செல்போன் அடித்தது. அம்மா. இந்தத் தடவை எடுத்தாள்.

"ஏண்டி, ஒரு நாள் முழுக்கக் கூப்பிடறேன். போனை எடுத்தா விரல் தேஞ்சிடுமா? தம்பி சாப்பிட்டானா?"

"அம்மா, அவன் பட்டினி இருக்கணும். அதுதான் ஆராய்ச்சி."

"ஆராய்ச்சியாவது மண்ணாவது. பெத்தவளுக்கு மனசு கேக்குமா? துண்டுக்குள்ள சுருட்டி மூணு பன்னு வெச்சு அனுப்பினேன். அக்கா வேலை போயிடும், செத்தாலும் வாயைத் திறக்காதேன்னு சொல்லித்தான் அனுப்பினேன். சாப்பிட்டானா இல்லையா, அதைச் சொல்லு."

சின்ன டாக்டர் போனைக் காதிலிருந்து எடுத்தாள். தம்பியைப் பார்த்தாள். அண்டா கால் கட்டைவிரலைப் பார்த்தான்.

"பாத்ரூம்லயா?"

"ரெண்டுதான் அக்கா."

அவள் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

ஐஸ் சார் எதுவும் செய்திருக்க வேண்டாம். கை கட்டிச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அண்டாவின் ரத்தம் ஐஸில் பத்திரமாக இருந்து, உண்மையைச் சொல்லி, பாதிக்கு இறங்கி, பாங்காக நின்றிருக்கும். அவளே அதைப் பார்த்துத் தலையாட்டியிருப்பாள். உண்மை தம்பியைத் தூக்கில் போட்டிருக்கும். கொலைகாரனின் பொய்தான் அவனைக் காப்பாற்றியது.

"விலங்கு மாட்டினப்பகூட ஏண்டா சொல்லல?"

"உனக்கு வேலை போயிடுமே."

அவன் தோளில் ஓங்கி ஒரு அறை விட்டாள். அப்புறம் அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

பின்னால் யாரோ செருமினார்கள்.

இன்ஸ்பெக்டர். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. ஒரு கையில் சீல் வைத்த டிபன் பாக்ஸ். அதை ஏக்கமாக ஒரு பார்வை பார்த்தார். அவர் வயிறு அடுத்த வேளைக்குக் குரல் கொடுத்தது.

அக்கா தம்பியின் கையை இறுகப் பிடித்தாள்.

"இந்தப் பாக்ஸ் கோர்ட்டுக்குப் போயாகணும், தொட முடியாது" என்றார் இன்ஸ்பெக்டர். "மூணாவது பன்னு சாட்சி இல்லையே... அது எந்தத் துண்டுல இருக்கு?"